இறகு

சவோய் மலையில் இரண்டு நாள் நடை.
கூடைக்குள் வைக்கோல்,
வைக்கோலுக்குள் என் மகள்.
மூச்சோடு பிறக்காதவள்.

ஜென்மப் பாவம் கழுவாத பிள்ளைக்குக்
கல்லறையில் இடமில்லை என்றார் எங்கள் ஊர்க் குருவானவர்.
ஆதாம் வாங்கிய கடனாம்,
அழவும் வாய் திறக்காதவள் தலையில்.

இந்தக் கோயிலில்
கணப்பருகே கிடத்தி உதட்டில் வாத்திறகு வைப்பார்கள்.
அசைந்தால் உயிர்.
உயிரென்றால் தண்ணீர்.

விடியும்வரை அசையவில்லை.
மருத்துவச்சி பெர்னெட் மண்டியிட்டபடியே தூங்கிவிட்டாள்.
சாமியாரின் கண் செபமாலையில்.
குதிகாலால் கதவை
ஒரு விரற்கடை நகர்த்தினேன்.

இறகு எழுந்தது.
"குளோதின்" என்று பெயர் சொன்னேன்.
ஊற்றினார்கள். அரை மணியில் புதைத்தார்கள்,
சிலுவை நட்டு.

தகப்பன் பாவம் பிள்ளைக்கு இறங்குமென்றால்
இதை மட்டும் இறக்கிவிடாதேயும், ஆண்டவரே.
அந்தக் குதிகால்
இன்னும் சில்லென்றே இருக்கிறது.