பதினோராவது காலம்

கங்கைகொண்டான் மில்லில் இப்போது
ஷிப்ட் போடுவது மேனேஜர் இல்லை.
எண்பது கிலோமீட்டர் தெற்கே
ராதாபுரத்துச் செம்மண்ணில்
ஒற்றைக்காலில் நிற்கும் எங்கள் நான்கு காற்றாடிகள்.

நான் எழுதிய நிரல்
அவற்றின் வேகத்தை நிமிடந்தோறும் வாங்கி
நாளைய காற்றை இன்றே கணக்கிட்டு
எந்த ஃபிரேம் எப்போது ஓடலாம் என்று
செல்போனுக்கு அனுப்பும்.
"கரி எரியாத நூல்" என்று பைகளில் அச்சடித்தார்கள்.
முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
ஈரமான கை.
அப்போதாவது யோசித்திருக்கலாம்.

ஆனி பிறந்தது.
இரவு இரண்டேகால்,
வினாடிக்குப் பதினொரு மீட்டர்.
பதினெட்டு ஃபிரேமும் ஓடட்டும் என்றது நிரல்.
ஓடின.
அறுந்தன.
நூறு கதிருக்கு மணிக்கு நான்கு இழை அறுந்த இடத்தில்
பதினேழு.

நிரல் ஆளைத் தேடியது.
ஏழாம் ஃபிரேம், டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு,
இழை கோர்க்கத் தாமதம் என்று
சிவப்பில் காட்டியது.
அவள் பெயர் சொர்ணக்கிளி. மானூர்க்காரி.
அவளுக்கு நான் அடித்த மெமோவில்
தரவு என்ற சொல் ஆறு முறை வந்தது.

அவள் அதைக் கையில் வாங்கவில்லை.
புருவத்தில் பஞ்சு, காதோரம் பஞ்சு.
வாயைத் தொட்டுக் காட்டினாள்.
"ஏன் சார், ஒங்க கம்ப்யூட்டருக்கு
ஒதடு வெடிக்காதா?"

விழித்தேன்.

"தென்காசிப் பக்கம் சாரல் விழுந்தா
காத்து நனைஞ்சு வரும், நூலு சொன்னபடி கேக்கும்.
இது பத்து நாளா வெறுங்காத்து.
மனுசத் தோலே பிளக்கு,
நூலு என்ன செய்யும்?
ஈர மிஷினுக்கு நேத்தே தண்ணி பத்தல.
எட்டிப் பாத்தியளா?"

பார்க்கவில்லை.
என் அட்டவணையில் பத்துக் காலங்கள்.
பத்திலும் காற்றுக்கு வேகம் மட்டும்தான் உண்டு.
மலை தன் அந்தப் பக்கத்திலேயே
ஈரத்தைப் பிழிந்துகொண்டு
சக்கையை இந்தப் பக்கம் அனுப்பும் என்பதை
ஒன்பதாம் வகுப்பில்
ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்,
படத்தோடு.

விசிறியைத் தள்ளுகிற கைதான்
இழையையும் இழுத்து அறுக்கிறது.

மறுநாள் ஈரமானிகள் வாங்கினோம், பன்னிரண்டு.
தீப்பெட்டி அளவு. எங்கே மாட்டுவது?
"மூணாம் ஃபிரேம் தலைமாட்டுல வைங்க,
கதவு காத்து அங்கதான் மோதும்."
மாட்டினோம். அவள் சொன்னது
இரண்டு சதவீதம்கூடப் பிசகவில்லை.

பதினோராவது காலம்: ஈரம்.

இப்போது வெறுங்காற்று அடித்தால்
பாதி ஃபிரேம்கள் ஓய்வெடுக்கும்.
வருகிற மின்சாரம்
கேண்டீன் தட்டு கழுவிய தண்ணீரை
சவ்வில் வடிகட்டி, குளிரவைத்து,
தொட்டியில் சேர்க்கும்.
பொழுது சாய்ந்ததும் அந்தத் தண்ணீரே
பனிப்புகையாய் நூலின்மேல் இறங்கும்.
அறுப்பு ஐந்துக்கு வந்துவிட்டது.
நான்குக்கு வரவில்லை. பார்க்கலாம்.

மெமோவை அழித்துவிட்டேன்.
வேண்டுமானால் மீட்டுத் தருகிறேன் என்கிறது கம்ப்யூட்டர்.

போன வாரம் வேன் ஏறும்போது கேட்டாள்:
"காத்து எழுதுனிய, ஈரம் எழுதுனிய.
நான் தூங்குத நேரம்
எந்தக் காலத்துல இருக்கு?"

இன்றும் மணி இரண்டேகால்.
காற்று பதினொன்று, ஈரம் அறுபத்திரண்டு.
எல்லோரையும் எழுப்பு என்கிறது நிரல்.
சொர்ணக்கிளி பத்து மணிக்குத்தான் மானூர் போனாள்.
பன்னிரண்டாவது காலத்துக்குத் தலைப்பு வைத்துவிட்டேன்,
முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

செய்தியை அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.
ராதாபுரத்தில் நான்கும் சுற்றட்டும்.
இந்த ஒரு ராத்திரி மின்சாரம்
யார் வீட்டு ஃபேனுக்கோ போகட்டும்,
மானூரில் ஒரு வீடாக இருந்தால் நல்லது.