ஆறரை மில்லிமீட்டர்

கிலோமீட்டருக்கு இருநூற்று எண்பது கோடி.
அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
சுழியங்களை இரண்டு தரம் எண்ணினேன்,
பிறகு ஜெரோம் சார் ஒருதரம் எண்ணினார்.

மதியச் சோற்றுக்குப் பின்
வீணான தாளின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்.
மீட்டருக்கு இருபத்தெட்டு லட்சம்.
நான் எடுத்துவைக்கும் ஓர் எட்டுக்கு
இருபது லட்சம் சொச்சம்.
சாண், ஆறு லட்சத்துக்கும் மேலே.
என் மாதச் சம்பளம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு:
ஆறரை மில்லிமீட்டர்.
டப்பாவில் ஒட்டியிருந்த துவரம்பருப்பை
அளவுகோலில் வைத்தேன்.
சரியாக இருந்தது.

ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு
எங்களிடம் எழுபத்து மூன்று பக்கம் இருக்கிறது.
நவக்கரையில் முனாவர் போட்ட துளை
நாலாவது மீட்டரில் கருங்கல்லில் முட்டி
இரண்டு பிட்டைத் தின்றது.
அன்றே துளையின் விலை மூன்று மடங்கு.
சுந்தராபுரத்தில் சாலைக்கு அடியில் ஒரு குழாய்.
யார் புதைத்ததென்று மூன்று துறையும் கைவிரித்தன.
அதை நகர்த்த ஒன்பது கோடி.
கடன் யென்னில்.
எட்டிமடை மண்ணுக்கு
டோக்கியோவில் தினமும் காலை விலை மாறுகிறது.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்காகத்
தூணுக்கு நாலு டன் கம்பி கூடுதல்.
காற்றுக்கு எழுதிய பணம் அது.
போன ஆடியில் எங்கள் சமையலறைத் தகரத்தை
ரயில்பாதை வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டதும்
அதே காற்றுதான்.
அதற்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

கோப்பு திரும்பி வந்தது:
இருநூற்று நாற்பதுக்குள் கொண்டுவாருங்கள்.

நகரும் படிகளில் பாதியை நிற்கும் படிகளாக்கினோம்.
கூரையில் இரண்டிரண்டு மீட்டர்.
கழிப்பறை ஒரு பக்கம் போதும்.
பெயர்ப்பலகைக்கு மலிவான எழுத்து.
அப்புறமும் இடித்தது.
ஜெரோம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
தூசி இல்லாத கண்ணாடியை.
"பதினாலு," என்றார்.

பதினாலு எங்கள் சாவடி.
காலை ஆறு பத்துக்கு அங்கே நிற்பவர்களை
எனக்கு முகமாகத் தெரியும்.
வாளையாற்றிலிருந்து ஏறிவரும் சத்யபாமா சேச்சி
பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறாள்.
சன்னலோரம் கூடையை வைத்து
எனக்கு இடம் பிடித்து வருவாள்.
"மோளே, நம்ம மெட்ரோ எப்ப வரும்?"
இதே கேள்வி, நாலு வருஷமாக.
நாலு வருஷம் கேள்வியாகவே இருந்ததில்
மொத்தத் தொகை ஐந்தில் ஒரு பங்கு ஏறியது.
அதையும் அவளிடம் சொன்னதில்லை.

வரிசையைத் தேர்ந்து அழுத்தினேன்.
நாற்பத்தாறு கோடி
சத்தமில்லாமல் இறங்கியது,
கீழே மொத்தம் தானாகவே திருந்திக்கொண்டது.
வரிசை எண்களை மட்டும் நான் திருத்தவில்லை.
பதின்மூன்றுக்கு அடுத்து பதினைந்து.
யாராவது கேட்கட்டும் என்று விட்டேன்.
ஜெரோம் சார் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்,
எடுத்தார்,
கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதுக்கரைக்கு முன்னால் பேருந்து நின்றுவிட்டது.
டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு
வெற்றிலைக்கு இறங்கினார்.
சேச்சி கைப்பேசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு
பாதித் தமிழில் பாதி மலையாளத்தில்
அரைநாள் சம்பளத்துக்கு மன்றாடினாள்.
நாற்பது நிமிஷம்.
எழுபத்து மூன்று பக்கத்தில்
இதற்கு ஒரு வரிசை இல்லை.

எட்டிப் பார்த்தேன்.
கண்ணுக்கு எட்டின வரை டிப்பர் லாரிகள்,
எங்கள் கிரஷரிலிருந்து,
தார்ப்பாயின் ஓரம் வழியே
ஈரம் சொட்டிக்கொண்டு.
யூனிட் இவ்வளவு என்று நானே விலை எழுதிய ஜல்லி.
எங்கள் கல்
எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.