மூன்றாவது சொல்

இந்த ஊருக்கே இரண்டு பெயர்.
பீல் என்பார்கள் பாதிப் பேர்,
பியென் என்பார்கள் மீதி.
தெருப் பலகையில் மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி.
பேக்கரியில் நான் ஜெர்மனில் கேட்பேன்,
அந்தப் பெண் பிரெஞ்சில் பதில் சொல்வாள்,
ரொட்டி சரியாகவே கைக்கு வரும்.
பதினொரு வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

அதனால்தான் அன்றிரவு
அந்த யூனிக்ஸ் பெட்டியின்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஒன்பது நாற்பது.
கைக்கடிகார உறை கடையும் பட்டறை.
மத்தியானம் மின்சாரம் போய் வந்ததிலிருந்து
ஏழாம் இயந்திரம் நிற்கிறது.
அதற்கு வேண்டிய வரைபடங்கள் மாடியில், கோப்பு சர்வரில்.
நான் கீழே, எண்ணெய் வாடையில்,
கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையின்மேல்.
மவுண்ட் என்று அடித்தேன்.
கர்சர் சிமிட்டியது.
சிமிட்டியது.
பிழை என்றாவது சொல்லித் தொலையேன்.
சொல்லவில்லை.

இரவு ஷிப்ட்டின் ஒடீல் வூமார்
ஆப்பிளைக் கடித்தபடி வந்து,
"சர்வர் செத்துவிட்டதா?" என்றாள்.
இல்லை, பிங் போகிறது பார்.
இருக்கிறாயா என்றால்
அரை மில்லி விநாடியில் இருக்கிறேன் என்கிறது.
கோப்பைக் கொடு என்றால்தான்
கடன் கேட்கப்பட்ட மைத்துனன் போல் மௌனம்.

முதலில் பெயரைச் சந்தேகித்தேன்;
பெயரை விட்டுவிட்டு எண்ணால் கூப்பிட்டேன்.
பிறகு ரூட் அட்டவணையை.
இரண்டே வரி, இரண்டிலும் பொய்யில்லை.
பிறகு சர்வரின் அனுமதிப் பட்டியலை,
பிறகு கேபிளை,
பிறகு, சொல்ல வெட்கம், ஒடீலை.

பத்தரைக்கு டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன்.
அது எதையும் விளக்காது.
எது போனது, எது வந்தது, எந்த அட்டையிலிருந்து. அவ்வளவுதான்.

பெட்டி முதல் சொல்லை அனுப்புகிறது: கதைக்கலாமா?
அது ஃபயர்வாலைக் கடந்து மாடிக்குப் போகிறது.
சர்வர் இரண்டாம் சொல்லைச் சொல்கிறது:
கதைக்கலாம், நீ தயாரா?
அதுவும் வந்து சேர்கிறது,
ஆனால் ஃபயர்வால் வழியாக அல்ல.
வேறு ஏதோ கதவு.
பெட்டிக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை.
மூன்றாவது சொல்லை, "சரி" என்பதை,
பழையபடி முன்வாசலுக்கே கொடுத்தனுப்புகிறது.

வாசலில் நிற்பவன்
கேள்வி போனதைக் கண்டவன்,
பதில் வந்ததைக் காணாதவன்.
எதற்கு இந்தச் "சரி" என்று யோசிக்கிறான்.
கீழே போடுகிறான்,
சத்தமில்லாமல், வேலையைச் சரியாகச் செய்கிறவனாய்.

பிங்குக்கு மூன்றாவது சொல் கிடையாது.
அதுதான் அப்படிக் குதித்து விளையாடியது.

வேறு கதவு.
சர்வருக்கு ஒற்றைக் கால்தானே, இன்னொன்று எப்போது முளைத்தது?
மாடியேறி, ரேக்கின் பின்னால் டார்ச் அடித்தேன்.
இரண்டாம் துளையில் ஒரு மஞ்சள் கேபிள்,
நேராகப் பட்டறை ஸ்விட்சுக்கு.
அதைச் சுற்றி ஒரு சீட்டு:
பேக்கப் வேகமாக நடக்க. வியாழக்கிழமை.

சீட்டு தமிழில் இருந்தது.
அந்தக் கட்டிடத்தில்
தமிழில் சீட்டு எழுதக்கூடியவள் ஒருத்திதான்.

நாலு நாளாய் ஒன்றும் ஆகவில்லை;
பழைய தொடர்பை வாசற்காரன் ஞாபகம் வைத்திருந்தான்.
மின்சாரம் போய் வந்தது, பெட்டி புதிதாய்ப் பிறந்தது,
புதியவர்களிடம் அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பான்.

கேபிளைப் பிடுங்கவில்லை. இரண்டு மணிக்கு பேக்கப்.
கீழே வந்து மவுண்ட் வரியில்
சர்வரின் மாடி எண்ணை அழித்துப்
பட்டறை எண்ணை எழுதினேன்.
பதில் வருகிற கதவிலேயே கேள்வியும் போகட்டும்.
என்டர் தட்டிய விரல் எழும்புமுன்
கோப்புகள் வந்து குவிந்தன.

மஞ்சள் கேபிள் கதையைச் சொன்னேன்.
"நீயா மாட்டினது?" என்றாள் ஒடீல், பிரெஞ்சில்.
"நான்" என்றேன். களைப்பில் தமிழ் வந்துவிட்டது.
அவள் மொழியில் அந்த ஓசைக்கு
"இல்லை" என்று அர்த்தம்.

"சரி" என்றாள்.
ஆப்பிள் காம்பை எறிந்துவிட்டு
ஏழாம் இயந்திரத்தின் கதவை இழுத்துச் சாத்தினாள்.

திருத்தியிருக்கலாம்.
கடைசி பஸ் பன்னிரண்டு ஐந்துக்கு.