இருபது சதம்

காய்ச்சல் வருசத்தில் கொயினா தந்தார்கள்.
உயிர் நின்றது, காது போனது.
ஏழு வயது வரை கேட்டது இன்னும் உள்ளே இருக்கிறது,
புதிதாக ஒன்றும் சேரவில்லை:
உலக்கை. ஆட்காட்டி. குளம் வான் பாயும் இரைச்சல்.
யாரோ என்னைப் பேர்சொல்லிக் கூப்பிட்டது.

ஆவணியில் வவுனியா ஸ்டேசனுக்குப் பின்னால்
கித்தான் கொட்டகை எழும்பிற்று.
பேசும் படம்.
பறையடித்தவன் ஓமந்தைச் சந்தி வரைக்கும் வந்து
அறிவித்துப் போனானாம்.
குளம் அடி வெடித்துக் கிடந்த வருசம்.
தேன் விற்ற காசுதான் எங்களிடம் இருந்தது.

"பேசுற படத்துக்குச் செவிடி என்னத்துக்கு?
இருபது சதம் தண்டம்" என்றாள் மச்சாள் பூரணம்.
முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.
நான் வாயைப் படிப்பேன் என்பதை மறந்துவிட்டாளோ,
மறக்கவில்லையோ.

முந்தி ஊமைப் படம் வந்தபோது
கொட்டகை முழுக்க என் காதோடுதான் இருந்தது.
ஆர்மோனியக்காரன் ஒருவன் இருந்தானாம், எனக்கென்ன.
அன்று நான் ஒருத்தருக்கும் கீழே இல்லை.

அத்தான் கந்தப்பு ஒன்றும் சொல்லாமல்
என்னையும் வண்டிலில் ஏற்றினார்.

மணல் தரை. வெளியே எஞ்சின்,
அதைப் பாதத்தால் கேட்டேன்.
திரையில் வெளிச்சம் விழுந்ததும்
எல்லா முகமும் ஒரே கணத்தில் பின்னுக்குச் சாய்ந்தது.
சத்தம் வந்துவிட்டது.
நாகமுத்தர் காதைப் பொத்தினார்.

ராணியின் முகம் ஒரு வீட்டுச் சுவர் அளவு.
இவ்வளவு பெரிய வாயை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
ஊரில் எனக்குக் கிடைப்பது
வெற்றிலை வாய், அரை வாய், திரும்பிக்கொள்ளும் வாய்.
இவளோ எனக்கென்றே பேசுகிறவள் போல
ஒவ்வோர் எழுத்தையும் பிளந்து வைத்தாள்.
"பிராணநாதா" என்றாள். முதல் தடவை விளங்கவில்லை.
ஏழாம் தடவை விளங்கிற்று.

பாதிப் படத்தில் தோள்கள் அசைந்தன. ஆட்கள் எழும்பினார்கள்.
ராணி பேசிக்கொண்டேயிருந்தாள்.
பின்வாங்கில் ஒருவன் பலகையை உதைப்பது
என் முதுகெலும்புக்கு வந்தது.
பேசும் படம் பேச மறந்துபோயிற்று.
ஒலிக்குழலுக்குள் தலையை விட்டுக்கொண்டு
மலையாளத்து மெக்கானிக் வியர்த்தான்.
"காசைத் தா."
அந்த வாயை எந்த இருட்டிலும் படிக்கலாம்.

ராணி அழுதுகொண்டு நின்றாள், ஒருத்தரும் இல்லாமல்.
எனக்குப் பொறுக்கவில்லை.
"பிள்ளையை எங்க விட்டியள் எண்டு கேக்கிறாள்" என்றேன்.

எவ்வளவு உரக்கச் சொன்னேனோ தெரியாது.
என் குரல் மயில் அகவுவது போலவாம், பூரணம் சொல்வாள்.
வருசக்கணக்காய் அதை மடித்து வைத்திருந்தேன்.
முதலில் நாகமுத்தர் திரும்பினார். பிறகு வாங்கு வரிசை.
பிறகு, திரைக்கு முதுகு காட்டியபடி ஒரு கொட்டகை.

அவள் சொல்லச் சொல்லச் சொன்னேன்.
ஓரிடத்தில் கையை வானத்துக்குத் தூக்கி
ஏதோ வரும் என்றாள்.
உதட்டில் பழியும் மழையும்
ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கும்.
கதைக்குப் பழிதான் சரி.
குளத்தை நினைத்தேன்.
"மழை வரும் எண்டுறாள்."
ஒருத்தரும் அசையவில்லை.

பிறகு ராசா பேசினான். அவன் வாய் வேறொரு வாய்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
நிறுத்தினால் பலகையை உதைப்பார்கள்.
மன்னிப்புக் கேட்கிறான் என்றேன்.
நெடுநேரம் கேட்க வைத்தேன்.

மறுநாள் ஆட்டத்துக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள்:
ராசா கதைத்தது தெலுங்காம்,
என்ன சொன்னானென்று வவுனியாவில் ஒருத்தருக்கும் தெரியாதாம்.
ஆக, அவன் மன்னிப்புத்தான் கேட்டான்.

அன்றிரவு திரும்பும்போது நிலவில்லை.
இருட்டில் நான் முழுச் செவிடு.
நொச்சிமோட்டை தாண்டியதும் வண்டில் நின்றது,
யானையோ என்று பயந்தேன்.
பூரணம் கீழே தொங்கிய அரிக்கன் லாம்பைக் கழற்றித்
தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைப் பெரிதாகத் திறந்து,
எழுத்து எழுத்தாக:
"உண்மையில அவள் என்ன சொன்னவள்?"