மாற்றம் ஏதுமில்லை

காட்பாடியில், ஓடைப்பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில்
ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஆபீஸ்.
பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியின் சம்பளக் கணக்குக்கு
நான்தான் நிரல் எழுதினேன். எட்டு மாதம் ஓடியது.
யாரும் திட்டவில்லை.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் பாராட்டு.

ஒன்பதாம் மாதம் தேவகிருபை என்றொருத்தி
கணக்கு ஜன்னலில் வந்து நின்று
பதினோரு மணி நேரம் காணோம் என்றாளாம்.
ஷூ பெட்டியின் மூடி ஒன்றை நீட்டினாளாம்.
தோலில் கோடு போடும் வெள்ளி மைப் பேனாவால்
தேதி, நேரம், தேதி, நேரம்,
ஓரத்தில் ஒரு பால் பாக்கி.

சூப்பர்வைசர் இத்ரீஸ் போனில் கொதித்தார்:
சேமி அழுத்தினேன்மா, பச்சை டிக் வந்துச்சு,
என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

வந்தது உண்மைதான்.
சேமித்தாயா என்று கேட்டால்
சேமித்தேன் என்றது.
பெட்டியைத் திறந்தால் பழைய எண்.

எப்போதும் அப்படி என்றால் பிடித்திருப்பேன்.
புதிதாய்ச் சேர்ந்தவர்கள் கணக்கு சரி.
பெயரில் எழுத்துப் பிழை திருத்தினால் சரி.
ஷிப்டையும் ஓவர்டைமையும் சேர்த்து மாற்றினால்
இரண்டும் சமர்த்தாய் ஏறின.
ஓவர்டைமை மட்டும் தொட்டால்
டிக் வரும், எண் வராது.
என் மேசையில் மட்டும்
ஒவ்வொரு முறையும் வேலை செய்தது,
நான் ஒவ்வொரு முறையும்
புது ஆளைச் சேர்த்துச் சோதித்ததால்.

இரண்டு ராத்திரி.
பகல் வெயில் சுவரை விட்டு இறங்கவே இல்லை.
ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் வண்டிகளை எண்ணினேன்,
அவையாவது எண்ணிக்கையில் நிற்கட்டும் என்று.

அப்புறம் தெரிந்தது.
ஒரு பதிவை எடுத்துத் தரும்போதே அந்தச் சட்டகம்
பழையது எப்படி இருந்தது என்று மனதில் வைத்துக்கொள்ளும்.
சேமி என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.
ஏதாவது மாறியிருந்தால்தான் எழுதும்,
வெட்டி வேலை செய்யாது. நல்ல பழக்கம்தான்.
ஆனால் மணிநேரப் பட்டியலை அது நகல் எடுக்கவில்லை,
பட்டியல் இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டது.
நான் உள்ளே கைவிட்டு மூன்று மணி நேரம் சேர்த்தேன்.
அதன் நினைவுக்குள்ளும்
அதே மூன்று மணி நேரம் ஏறிவிட்டது.
தன்னைத் தன்னோடே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு
மாற்றம் ஏதுமில்லை என்றது.
அது பொய் சொல்லவில்லை.
எரிச்சலே அதுதான்.

திருத்தம் ஒரே வரி.
கம்பெனிக்கு மெயில் எழுதினேன்:
சிறு பிழை, சரிசெய்யப்பட்டது.
சிறு என்பதை அழித்தேன். போட்டேன்.
அழித்தேன்.

சனிக்கிழமை குடியாத்தம் வழியாகப் பேர்ணாம்பட்டு போனேன்.
தேவகிருபை மூடியைப் பார்த்து வாசிக்க வாசிக்க
நான் தட்டினேன்.
செவ்வாய் மூணு. வியாழன் ரெண்டரை.
அந்த ரெண்டரையை அவள் இரண்டு தடவை சொன்னாள்.
டிக் வந்தது. திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
அவள் திரையைப் பார்க்கவில்லை.
மூடியைக் குடுங்க, என்றாள்.
வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் தையல் பிரிவு முழுக்க நின்றது.
நஸ்ரினுக்கு நோன்பு மாதம் மட்டும் நினைவிருந்தது,
அந்த மாதம் அவள் ஓவர்டைமே பார்க்கவில்லை.
சவுந்தரவல்லி காலண்டரில் குறித்திருந்தாள்,
தை பிறந்ததும் காலண்டர் அடுப்புக்குப் போனது.
மற்றவர்கள் கையில் ஒன்றுமில்லை.
என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.
முதலில் நின்றவள் கேட்டாள்,
சந்தேகமே இல்லாத குரலில்:

கம்ப்யூட்டர்ல இருக்குமே, மேடம்?