பாவில்லாத தறி

நாய்க்குச் சோறு போடணும்,
இதுகளுக்குப் புல்லு போதும் என்று
புளியம்பட்டிச் சந்தையிலிருந்து
சாக்குக்கு வெளியே கழுத்து மட்டும் நீட்டிய
இரண்டு கூஸ் வாத்துகளை
வண்டியிலிருந்து இறக்கினார் வீட்டுக்காரர்.
போன மாசந்தான் பட்டறையில்
மோட்டார் ஒயரை எவனோ அறுத்துப் போயிருந்தான்.

சோமனூரில் புல்லு எங்கே இருக்கிறது?
கீரைக்காரர் கழித்த தண்டு, ஊறவைத்த கம்பு,
ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து வரும் தண்ணி,
அதுவும் மனசு வைத்தால்.
சாய டிரம்மைப் பாதியாய் அறுத்து
ஏழு தரம் கழுவிப் பொடக்காணியில் புதைத்தேன்.
எட்டாவது தரமும் கொஞ்சம் நீலம் விட்டது.
தலை முங்குகிற ஆழம் வேணும் அதுகளுக்கு.
முங்காவிட்டால் கண்ணில் பீளை கட்டும்.
கலங்கின தண்ணியை முருங்கைக்கு ஊற்றினேன்,
முருங்கை வெட்கமில்லாமல் காய்த்தது.

நாலு நாட்டு வாத்துக்குஞ்சு
என் காசில் நான் வாங்கியது.
கோழித் தீவனம் தின்று
ஒன்றுக்குக் கால் வளைந்து போனது.
மருந்துக் கடைத் தம்பி சிரித்துக்கொண்டே கொடுத்த
பி காம்ப்ளக்ஸ் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினேன்.
பத்தாம் நாள் நடந்து வந்து
என் செருப்பைக் கொத்தியது.

கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர்
இப்போதெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று
"எவ்வளவுங்கக்கா ஓடியிருக்குது?" என்று
என்னையே கேட்டு எழுதிக்கொள்கிறார்.

மாசியில் பெட்டை அடையில் உட்கார்ந்தது.
பட்டறைச் சுவரை ஒட்டிப் பழைய தார்ப்பெட்டி,
கீழே கழிவுநூல்,
மேலே அதன் நெஞ்சிலிருந்து அதுவே பிடுங்கிய தூவி,
ஆறு முட்டை.
சுவருக்கு அந்தப்பக்கம் ஆறு தறி
இராப்பகலாய் அடித்துக்கொண்டிருந்தது.

பதினெட்டாம் நாள்
கூலி உசத்தச் சொல்லி ஊரே தறியை நிறுத்தியது.

நாலாவது வீட்டில் ஒருத்தர் கொட்டாவி விட்டது
எனக்குக் கேட்டது.
பெட்டை எழுந்துவிட்டது.
நடு வாசலில் நின்று கழுத்தை நீட்டி
சுவரையே பார்த்தது.
தொட்டுப் பார்த்தேன், முட்டை ஆறிக்கொண்டிருந்தது.
ரேடியோ வைத்தேன். வெறும் மிக்ஸியை ஓட்டினேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்தார்,
வேலைநிறுத்தம் முடியும்வரை வாட்ச்மேன்.

மணி பதினொன்று.
பாவு தீர்ந்து கிடந்த மூன்றாம் தறியில்
நாடாவைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன்.
இழை ஒன்றும் இல்லாமல்
அங்கேயும் இங்கேயும் ஓடியது நாடா.
பெட்டை போய் உட்கார்ந்தது.

டார்ச்சோடு வந்தார் சங்கத்துச் சென்னியப்பன்.
"ஊரே வயித்தக் கட்டிக்கிட்டு நிக்குது,
நீங்க மட்டும் ஏனுங்க…"
மீதியைச் சொல்ல முடியவில்லை.
வேட்டியைக் கவ்வியிருந்தது ஆண்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன்.
பாவு இருக்கவேண்டிய இடத்தில்
கையை விட்டுப் பார்த்தார்.
வெறுங்கையாய் வெளியே வந்தது.
தார்ப்பெட்டியிடம் குனிந்தார், அது சீறியது, நிமிர்ந்தார்.
"இன்னும் எத்தனை நாளைக்குங்க?"
"பன்னெண்டு."
"பத்து நிமிசத்துக்கு மேல ஓட்டாதீங்க."

விடிந்து பார்த்தால்
கேட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது:
இங்கு ஓடுவது காலித் தறி. இப்படிக்கு, சங்கம்.

ஆறில் இரண்டு பொரித்தது.
மீதி நாலையும் முருங்கையடியில் புதைத்தேன்.
அன்றைக்குப் பேச்சுவார்த்தை
மூன்றாம் தரமும் கலைந்தது என்றார்கள்.

ராத்திரி வழக்கம்போலப் பட்டறையைத் திறந்து
சுவிட்சில் கை வைத்தவள்
எதற்கும் ஒருதரம் எட்டிப் பார்த்தேன்.
தாயும் கண்ணை மூடியிருந்தது.
இறக்கைக்கு வெளியே ஒரு மஞ்சள் அலகு,
இன்னொன்றின் கால்.
ஊரில் ஒரு சத்தமில்லை.

கையை எடுத்துக்கொண்டேன்.
நாளைக்கு லாரித் தண்ணி வருகிற நாள்,
டிரம்மைத் தேய்த்து வைக்கவேண்டும்.
குஞ்சுக்கு டிரம் ஆகாது,
மாவு பிசைகிற அந்தப் பெரிய தட்டம் போதும்.