அடுத்த ஜன்னலைப் பார்க்கவும்

வியாழக்கிழமைகளில் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறேன்.
தெற்கு டகோட்டாவில் காற்றுக்குத்தான் வேலை அதிகம்,
கூலி எனக்கு.

இங்கே எல்லோருக்கும் இரும்புச் சிலுவை.
ரஷ்யப் புல்வெளியிலிருந்து வந்த ஜெர்மன்காரர்கள்
சூரியனும் கொடியும் வைத்து
கொல்லனிடம் அடித்து வாங்கியவை.
வெள்ளிப் பூச்சு உரிய உரிய
பேரப்பிள்ளைகள் வந்து பூசிவிட்டுப் போவார்கள்.

ரெய்ன்ஹோல்ட் ஃபிஷ்பாக்குக்கு மட்டும்
பாங்க் கவுன்ட்டரின் ஜன்னல்.
பித்தளைக் கம்பிகள் பன்னிரண்டு,
கீழே கை நுழையும் வளைவு,
காசு தேய்த்துத் தேய்த்துக் குழிந்த பளிங்குத் துண்டு.
கொக்கியில் ஓர் எனாமல் பலகை:
அடுத்த ஜன்னலைப் பார்க்கவும்.
வலப்பக்கம் நீட்டிய விரல் ஒன்று.

அந்த பாங்கில் அடுத்த ஜன்னலே கிடையாது.
மினியாபொலிஸில் கவுன்ட்டர் வாங்கினால் பலகை இலவசம்.
வந்ததை மாட்டிவிட்டார்கள்.
ஒட்டிலியா கெம்ப் மதியம் ரொட்டி தின்னப் போகும்போது
அதைத் திருப்பி வைப்பாள்.
பத்து நிமிஷம் பொறு என்று ஊருக்கு அர்த்தம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, மார்ச்.
துப்பாக்கியோடு வந்த ரெய்ன்ஹோல்ட்
பலகையைப் பார்த்து நின்றான்.
நின்றான் என்றால், வரிசையில்.
முன்னால் முட்டைக்காரி, பின்னால் பாதிரியார்.
மழையில்லாததைப் பற்றிப் பாதிரியாரிடம் பேசினான்.
முகமூடி, தங்கை பின்னிய கம்பளித் துணி.
மூக்கு ஒழுகியதால்
அதையும் இறக்கிவிட்டுக்கொண்டான்.

"எல்லாத்தையும் கொடு."
"உன் கணக்கில் நாலு டாலர்தானே இருக்கு?"
அப்புறம்தான் துப்பாக்கியைக் காட்டினான்,
தவணை கேட்க வந்தவன்போல
கூச்சத்தோடு.

நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணித்தான் கொடுத்தாள்.
எண்ணாமல் கொடுத்துப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் தானியக் கிடங்கில் கிடைத்தான்.
கோதுமையென்றால் தப்பித்திருப்பான் என்கிறார்கள்.
ஒளிந்தது ஆளிவிதைத் தொட்டியில்.
ஆளிவிதை தண்ணீர் மாதிரி,
மிதித்தால் விலகும்
விழுந்தால் மூடிக்கொள்ளும்.
காதில், வாயில், சட்டைப் பையில் வழவழவென்று விதை.
பணப்பை நெஞ்சோடு இருந்தது.
பதினோரு டாலர் குறைந்தது.

அந்தப் பதினொன்று எங்கே போயிற்று என்று
இன்றைக்கும் சாவு வீட்டுக் காப்பியில் பேச்சு வரும்.
மருந்துக்கடை பாக்கி என்பார் ஒருவர்,
தங்கையின் ஷூ என்பார் இன்னொருவர்.

ஜூலையில் பாங்க் முதலாளி வெர்னர் ட்ரோஸ்ட்
ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனார்.
குறைந்தது அறுபத்தோராயிரம்.
துப்பாக்கி தேவைப்படவில்லை,
சாவி அவரிடம்தானே.
கலிஃபோர்னியாவில் அவருக்குப் பளிங்குத் தேவதை நிற்கிறதாம்.
நான் போனதில்லை.

பூட்டிய பாங்கிலிருந்து ஜன்னலைக் கழற்றியது யார்?
எட்டுத் திருகாணி.
ஷெரிஃப் விசாரிக்கவில்லை. அவர் பணமும் போயிருந்தது.

பளிங்குக் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும்.
குருவிகள் குடிக்கும்.
பள்ளிப் பிள்ளைகள் வளைவுக்குள் ஒரு சென்ட் தள்ளிவிட்டு
எதையோ வேண்டிக்கொண்டு ஓடும்.
மாதக் கடைசியில் பொறுக்கியெடுத்து
புல்வெட்டிக்குப் பெட்ரோல் போடுகிறேன்.
எவ்வளவு என்று எழுதி வைக்கிறேன்.
யாரும் கேட்டதில்லை.

விரல் காட்டும் பக்கம்
இரண்டு முழம் தள்ளி ஒரு சின்னக் கல்:
ஒட்டிலியா கெம்ப்.
வசனம் இல்லை, புருஷன் பெயர் இல்லை.
செத்தது எழுபத்தொன்பதில்.
இடம் வாங்கியது முப்பத்தொன்றிலேயே, ஏப்ரலில்.
பங்குப் பதிவேட்டில் பார்த்தேன்.
விலை, பதினோரு டாலர்.

அந்த வருஷம் எல்லா இடத்துக்கும் அதே விலைதான்.
அதையும் பார்த்துவிட்டேன்.

இரண்டுக்கும் நடுவே இயந்திரம் நுழையாது.
அந்த இடத்தில் மட்டும்
மண்டி போட்டு
கத்தரியால் வெட்டுகிறேன்.